பாக்யலட்சுமிக்கு முப்பத்தோரு வியாதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேமினேஷன் மிஷின் சூடாகட்டும் என்று உட்கார்ந்திருந்தபோதுதான் பாக்யலட்சுமி அக்காவுக்கு முப்பத்தோரு வியாதி இருக்கிற சங்கதி என் போனுக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவன் கடலூரில் இருக்கும் என் மச்சான். 'ஒங்க குப்பத்து ஆளாடா இது' என்று கேட்டு, கீழே பல்லைக் காட்டும் பொம்மை நாலு போட்டிருந்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாக்யலட்சுமி, வயது நாற்பத்து நான்கு, எங்கள் குப்பத்தின் பேர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து, புதுச்சேரி. போன் நம்பரை மை பூசி மறைத்திருந்தார்கள். பேரை மறைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. கீழே பட்டியல். காசநோய், ஆறு மாதம் மாத்திரை. சர்க்கரை. கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. அதற்கு இரண்டு வரி தள்ளி, கர்ப்பம் பன்னிரண்டு வாரம். வலிப்பு. மூலம். வெள்ளைப்படுதல். தூக்கம் இல்லை, மனநல மருத்துவரைப் பார்க்கவும். காலை பத்து மணிக்கு எடை நாற்பத்திரண்டு கிலோ, பன்னிரண்டு மணிக்கு எண்பத்தொன்று.

மிஷின் சூடாகி விளக்கு எரிந்தது. எனக்கு வேலை ஓடவில்லை. ஏனென்றால் அந்தப் பேரையும் வயதையும் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். (பேரெல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன், என்னுடையதையும் சேர்த்து. கலைவேந்தன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும்.)

எங்கள் குப்பத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை எல்லாவற்றுக்கும் என் கடை ஒன்றுதான். போன பங்குனியில் ஒரு தனியார் கம்பெனிக்காரர்கள் இரண்டு வேனில் வந்து, மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, பெண்களுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். பதிவு வேலை என் தலையில். பேர், வயது, போன் நம்பர், மூன்றே கட்டம். மற்றதையெல்லாம் உள்ளே டாக்டர்கள் ஏற்றிக்கொள்வார்கள். முதலில் வந்தது பாக்யலட்சுமி அக்கா. அடுத்து ஜோஸ்பின். நம்பர் கேட்டேன்.

"பாக்யா நம்பரே போடுப்பா."

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னாம்மா, ஊருக்கே ஒரு போனா? ஒங்க வூட்ல போன் இல்ல?"

"கீது. நீ அதயே போடு."

போட்டேன். ஒரே நம்பர் என்றால் ஒரே ஆள் என்று அந்தக் கம்பெனியின் வெப்சைட் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்பது சந்தேகம். வரிசை ரோடு வரைக்கும் நின்றது, வெயில் மண்டையைப் பிளந்தது. சீக்கிரம் முடிந்தால் சரி என்றிருந்தேன்.

இப்போது அந்த வெப்சைட்டைத் திறந்து போட்டவர்கள் 'கருப்பு ஓணான்' என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு ஹேக்கர் கூட்டம். அவர்கள் எழுதியிருந்தது இது: 'லட்சம் பேருடைய மருத்துவ விவரம் இந்தக் கம்பெனியில் பூட்டில்லாமல் கிடக்கிறது. பாஸ்வேர்டு ஒன்று இரண்டு மூன்று நாலு. மூன்று தடவை மெயில் போட்டோம், பதில் இல்லை. இதோ ஒரு சாம்பிள்.' லட்சம் பேரில் இவர்களுக்குச் சாம்பிளாக அகப்பட்டது எங்கள் அக்கா.

கீழே ஜனங்கள் எழுதியதை மதியம் வரை படித்தேன். படிக்கக்கூடாதுதான், கை நிற்கவில்லை. 'இந்தம்மா ஒரு ஆள் இல்ல, ஒரு ஜி.எச்.' என்று ஒருவன். அதற்கு ஆயிரத்து இருநூறு லைக். 'கர்ப்பப்பை இல்லாம கர்ப்பம், சயின்ஸ் ராஜினாமா பண்ணிடுச்சு.' 'ரெண்டு மணி நேரத்துல முப்பத்தொம்பது கிலோ ஏற இன்னா சாப்டாங்கன்னு கேட்டு சொல்லுங்கப்பா.' இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கருப்பு ஓணானுக்குச் சிலை வைக்கணும் என்றான் ஒருவன். திருடனுக்கு எதற்குச் சிலை என்றான் இன்னொருவன். திறந்து கிடக்கிற வீட்டைக் காட்டிக் கொடுத்தவன் திருடனா, திறந்து போட்டவன் திருடனா என்று நூறு பேர் அடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒருவன் கட்சியை இழுத்தான். இன்னொருவன் முழு லிஸ்டுக்கு லிங்க் கேட்டான். 'ஒரே நம்பர்ல நெறய பேர் பதிஞ்சிருப்பாங்க, எங்க அம்மா ஊர்லயும் இப்படித்தான்' என்று எவளோ ஒரு புண்ணியவதி எழுதியிருந்தாள். அதற்கு மூன்று லைக். அந்த மூன்றில் ஒன்று நான் போட்டது.

பாக்யலட்சுமி அக்கா மீன் விற்கிறவள். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, அலுமினிய அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு சிலம்பரசன் ஷேர் ஆட்டோவில் ஏறினால் எட்டரைக்குக் கரியமாணிக்கத்தில் இருப்பாள். இருபது வருடமாக அதே தெருக்கள், அதே வாடிக்கை. திங்கட்கிழமை அங்கே நடந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. சிலம்பரசன்தான் டீசல் நனைந்த கையோடு வந்து கடை வாசலில் நின்று சொன்னான்.

"காசம்மா வூட்டாண்ட எறங்கிச்சிண்ணா. எப்பவும் மொத போணி அதுதான. சங்கரா பாரு காசம்மா, செவுளு ரத்தமா கீதுன்னு தூக்கிக் காட்டுது. அந்தம்மா வாசப்படிய விட்டு எறங்கல. முந்தானைய வாய்ல பொத்திகினு, வேணாம் பாக்யா, இன்னிக்கு சாம்பார் வச்சிட்டேங்குது. காலைல எட்டர மணிக்கு யாருண்ணா சாம்பார் வப்பா?"

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. தெரு முழுக்க அன்னிக்கு சாம்பார்தான். போன கூடை அப்பிடியே திரும்பிச்சி. வண்டில அது ஒரு வார்த்த பேசல. எனக்கு வயிறு எரியுதுண்ணா."

வயிறு எரிய இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அக்காவின் மகள் ரஞ்சனிக்கு வெள்ளிக்கிழமை பாக்கு மாற்றி நிச்சயம் பண்ணுவதாக இருந்தது. ரஞ்சனி திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனியில் மிஷின் ஓட்டுகிற குமரவேல்தான் மாப்பிள்ளை. வடக்கே இன்னொரு குப்பத்துப் பையன், நம்ம ஆளுங்கதான். கம்பெனி பஸ்ஸில் இரண்டு வருடம் பார்த்துப் பேசி, பெரியவர்களிடம் சொல்லி, பெரியவர்களும் முறைத்துவிட்டுச் சரி என்று சொன்ன கல்யாணம். முறைப்பு அதிகமாக இருந்தது மாப்பிள்ளையின் அம்மா குப்புவிடம். அந்தக் குப்பு திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, "புதன்கெழம வரேன், பேசணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம்.

செவ்வாய்க்கிழமையும் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டாள். கடையை அப்படியே விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து, விற்காத கானாங்கெளுத்தியைக் கருவாட்டுக்காக வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் மீனும் சேர்ந்து இரண்டு கூடைக்குக் கிடந்தது. கல்லுப்பு பக்கத்தில் குவித்திருந்தது. காற்றே இல்லை, மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் புருஷன் ஆதிமூலம் மாமா போட் இஞ்சினின் ப்ளக்கைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ரஞ்சனி லீவு போட்டுவிட்டு, அழுது வீங்கிய முகத்தோடு கதவில் சாய்ந்திருந்தாள்.

"அக்கா, நான் ஒரு லெட்டர் டைப் பண்ணித் தரேன்" என்றேன். "இது கம்ப்யூட்டர்ல நடந்த தப்பு, இதுல எதுவும் என்னுது இல்லன்னு. கையெழுத்து மட்டும் போடு. நெட்லயும் போட்டுடறேன், மாப்ள வூட்டுக்கும் அனுப்பிடலாம்."

"எதுவும் என்னுது இல்லன்னா?"

"ஆமா."

"அப்ப யாருதுன்னு கேப்பாங்களே."

"கேட்டா கேக்கட்டும்."

கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னா தம்பி, படிச்சவன் இப்பிடிப் பேசற. முகாம் நடந்தது இங்க. வந்தது இந்தத் தெரு. எனக்கு இல்லன்னா பக்கத்து வூடு, அதுவும் இல்லன்னா எதுத்த வூடு. நாளைக்கே ஒவ்வொரு மாமியாரும் மருமவள நிக்க வச்சி, டிபி ஒனக்கா, வலிப்பு ஒனக்கான்னு கேப்பா. ஒவ்வொருத்தனும் பொண்டாட்டி முடியப் புடிப்பான். இப்ப எல்லாம் எம் பேர்ல கெடக்குது. கெடந்துட்டுப் போவட்டும்."

"போவட்டுமாம்" என்றார் மாமா. "பொண்ணு கல்யாணம் போவப்போவுது, இவ போவட்டும்ங்கறா. நீ இன்னாடி, எல்லா வூட்டுக் குப்பையும் அள்ற கொம்யூன் வண்டியா?"

"ஆமா, அப்பிடியே வச்சிக்க."

"யாரு யாருதுன்னு எங்கிட்டயாச்சும் சொல்லு. நான் யாருகிட்ட சொல்லப்போறன்."

"நீயா? சாராயக்கடைல மொத கிளாசு உள்ள போறவரைக்கும் சொல்லமாட்ட. ரெண்டாவதுக்கு ஊத்தறவன்கிட்டயே சொல்லுவ."

மாமா துடைத்த ப்ளக்கையே மறுபடி துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமா அது.

ரஞ்சனி கதவை விட்டு வந்தாள். "ஏம்மா, அவுங்க அவுங்க வூட்ல போன் இல்லியா? ஆளுக்கொண்ணு வச்சிகினு கீறாங்க. எதுக்கு ஒன் நம்பரத் தூக்கிக் குடுக்கணும்?"

"போனு கீதுடி. யாரு பாக்கறா அத? புருசன் நோண்டுவான், புள்ள கேம் ஆடுவான், மாமியா சீரியல் பாப்பா. டிங்குன்னு மெசேஜ் வந்தா மொதல்ல படிக்கறது அவளா? ஒனக்கு டிபின்னு புருசன் படிச்சிட்டான்னா அன்னிக்கே அம்மா வூட்டுக்கு மூட்ட கட்டணும். எம் போனு ஒண்ணுதான் இந்தத் தெருவுல எம் மடிய விட்டு எறங்காது. மீன் ஆர்டரு வரும்னு ஒங்கப்பன்கிட்டகூட குடுக்கமாட்டேன். ரிசல்ட்டு வரும். கோலமாவு வாங்கப் போறாப்பல போவேன், காதுல சொல்வேன், அழிச்சிடுவேன். மாத்திரைக்கும் நாந்தான் ஞாபகப்படுத்தறது. இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு மாதமாக அந்த வரிசையைப் பற்றி நான் கேலி பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். போன் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

"அதுக்கு எங்கல்யாணந்தான் கெடச்சிதா?" என்றாள் ரஞ்சனி. குரல் உடைந்துவிட்டது. "அவுங்க ரகசியம் பெருசு, நான் பெருசு இல்ல. அப்பிடித்தான?"

"பெத்தவகிட்ட கேக்கற கேள்வியாடி இது. நேத்துலருந்து எனக்கு ஒரு வா சோறு எறங்கல, தெரியுமா? கூடையத் தூக்கிகினு திரும்பி வரப்போ, ஆத்துப்பாலத்துல எறங்கிடலாமான்னு இருந்திச்சி." முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். கையெல்லாம் செதில், முகத்திலும் ஒட்டிக்கொண்டது. "நாளைக்கு நீயும் ஒரு வூட்டுக்குப் போற. ஒனக்கு ஒண்ணுன்னா யாரு நம்பரக் குடுப்ப? அவனோடதா? அவங்கம்மாவோடதா?"

"அவரு நல்லவரும்மா."

"நல்லவந்தான். நல்லவன்கிட்ட சொல்லமுடியாததும் பொம்பளைக்கு வரும்."

ரஞ்சனி உட்கார்ந்து, அம்மா கீழே வைத்த கத்தியை எடுத்து மீனைக் கீற ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபமெல்லாம் தெருவின் மேல்தான். இரண்டு நாளாக ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. இவள் வாயைத் திறந்தால் நாறிப்போவோம் என்று பயந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுந்திருக்கப் போகும்போது ஜோஸ்பின் வந்தாள். கையில் ஒரு குண்டான்.

"பாக்யா, கானாங்கெளுத்தி கெடக்குதா? அரை கிலோ போடு."

மாமா நிமிர்ந்து பார்த்தார். ஜோஸ்பின் புருஷன் அன்று காலைதான் வலை நிறையக் கானாங்கெளுத்தியோடு கரையேறியிருந்தான். அக்கா ஒன்றும் கேட்காமல் எடை போட்டாள். ஜோஸ்பின் பணத்தைக் கொடுத்துவிட்டு, அக்காவின் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனாள். அவள் படலைத் தாண்டுவதற்குள் இன்னொருத்தி பாத்திரத்தோடு வந்தாள். சங்கரா கேட்டாள். அடுத்து இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு ஒன்றும் நடக்காதது போல நெத்திலி கேட்டார்கள். பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழை வரப்போவுது, வெங்காயம் என்ன வெல விக்குது, இதுதான் பேச்சு. கருவாட்டுக்குக் கீறி வைத்ததைக்கூட ஒருத்தி விடவில்லை.

"இவளுங்களுக்கு பைத்தியமா?" என்றார் மாமா என் காதில். "அவவ வூட்ல மீனு நாறிகினு கெடக்குது. இங்க வந்து வெலைக்கு வாங்கறாளுங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். வந்தவர்களை எண்ணினால், யார் யார் என்று தெரிந்துவிடும். எனக்கு அது வேண்டாம். முதல் தூறல் விழுந்தபோது இரண்டு கூடையும் காலி.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் குமரவேல் பைக்கில் குப்பு வந்து இறங்கினாள். கட்டையான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, பார்வையே விசாரணை. கம்ப்யூட்டர் விஷயத்தை விளக்க ஆள் வேண்டும் என்று மாமா என்னையும் வரச்சொல்லியிருந்தார். அக்கா காரப்பொடி மீன் வறுத்து, கானாங்கெளுத்திக் குழம்பு வைத்து, வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். ரஞ்சனி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குப்பு அதைத் தொடவில்லை. எல்லோரும் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் ஆரம்பித்தேன். "அது இன்னான்னா, ஒரே நம்பர்ல..."

"கம்ப்யூட்டர் கதையெல்லாம் வேணாம் தம்பி. எம் புள்ள மூணு நாளா அதத்தான் ஓதிகினு கீறான்." அக்கா பக்கம் திரும்பினாள். "நான் சுத்தி வளைக்கமாட்டேம்மா. டிபி ஒனக்கா?"

"இல்ல."

"வலிப்பு?"

"இல்ல. எங்க பரம்பரையிலயே இல்ல. எனக்கு சக்கரை மட்டுந்தான், அது ரெண்டு வருசமா கீது, ஒங்களுக்கே தெரியும். எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் கூப்புடுங்க, நானும் வரேன், ரஞ்சனியும் வருவா. ரத்தம் எடுங்க, படம் எடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப யாருக்கு?"

அக்கா சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஒங்க தெருவுலதான யாரோ? எம் புள்ள நாளைக்கு வந்து போற எடம். எந்த வூட்ல தண்ணி குடிக்கலாம், எந்த வூட்ல கூடாதுன்னு எனக்குத் தெரியணுமா வேணாமா? எல்லாம் சொல்ல வேணாம். டிபி யாரு, அந்த ஒரு பேரு சொல்லு. வெள்ளிக்கெழம பாக்கு மாத்திக்கலாம்."

மாமா அக்காவையே பார்த்தார். சொல்லித் தொலையேன் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பேர். நல்ல இடம், நல்ல பையன், பெண் அவனைத் தவிர வேறு ஆளைக் கட்டமாட்டாள். ஒரே ஒரு பேர்தானே.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அந்த நோவு இப்ப யாருக்கும் இல்ல. மாத்திரை முடிஞ்சி, டாக்டரு ஒட்டாதுன்னு சொல்லியாச்சி. அதுவரைக்கும் சொல்வேன். பேரு சொல்லமாட்டேன்."

"சொல்லலன்னா?"

அக்காவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பதில் சொன்னது ரஞ்சனி.

"எங்கம்மா சொல்லாது அத்த. எனக்கும் சொல்ல வேணாம். நீங்க வேணாம்னா வேணாம், போய்ட்டு வாங்க."

குமரவேல் "ரஞ்சனி" என்று எழுந்தான். குப்பு அவனைக் கையால் உட்கார்த்தினாள். ரஞ்சனியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு, "ஆம்பளைங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

வெளியே வந்தோம். மழை விட்டு மணல் ஈரமாகக் கிடந்தது. மாமா வாசலுக்கும் படலுக்கும் நடந்தார். குமரவேல் பைக்கில் சாய்ந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இத பாருங்க மாமா. அந்த கருப்பு ஓணான் ஆளுங்களுக்கு நான் எழுதினேன். எம் பேரு, போட்டோ எல்லாம் போட்டே எழுதினேன். அது எங்க மாமியார், மீன் வித்து பொண்ண வளத்தவங்க, நீங்க பண்ணது நல்லதுன்னு நெனச்சி ஒருத்தங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்கன்னு."

பார்த்தேன். பழைய படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். புதிதாக எழுதியிருந்தார்கள்: 'பேரை மறைக்காதது எங்கள் தப்பு. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறோம். ஒரே நம்பரில் முப்பத்தோரு பெண்களை ஒரே ஆளாகச் சேர்த்தது கம்பெனியின் தப்பு. அவர்கள் இன்று காலைதான் வெப்சைட்டை இழுத்து மூடியிருக்கிறார்கள்.' கீழே அதே ஜனங்கள். 'அப்பவே நெனச்சேன்' என்று ஆயிரம் பேர். 'எங்க தெருவுக்கும் எங்க அம்மா நம்பர்தான்', 'எங்க பெரியம்மா நம்பர்ல பதினேழு பேர்' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஜி.எச். என்று எழுதியவன் சத்தமில்லாமல் அதை அழித்துவிட்டிருந்தான். ஹேக்கர் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இன்னொரு சண்டை ஆரம்பமாகியிருந்தது, அது நடந்துகொண்டே இருக்கும்.

"ஒங்கம்மாகிட்ட காட்டினியா?"

"காட்டினேன். போன்ல வர்றது எதுவும் எனக்கு வேணாம், நானே நேர்ல பாத்துக்கறேன்னிடிச்சி."

அரைமணி நேரம் ஆனது. உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு யாரோ அழுகிற மாதிரி கேட்டது, அது அக்கா குரல் இல்லை. மாமா நின்றுவிட்டார். பிறகு தட்டு வைக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் குப்புவின் குரல்.

"கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துடி ரஞ்சனி. புளி அம்சமா கீது."

மாமா அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். குமரவேல் வானத்தைப் பார்த்து மூச்சு விட்டான். எனக்கு என் வீட்டுக் கல்யாணம் போல இருந்தது, பசி எடுத்தது.

உள்ளே என்ன பேசினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பாக்கு மாற்றுவது என்று மட்டும் சொன்னார்கள். நானும் இரண்டு கரண்டி குழம்பு போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கடையைத் திறந்தேன். மூன்று மணி இருக்கும். அக்காவும் குப்புவும் நடந்து வந்தார்கள். குமரவேலைக் குப்பு வெற்றிலை, பூ விலை கேட்டு வர பாகூருக்கு அனுப்பிவிட்டாளாம்.

குப்பு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு டாக்டர் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பு கிழியும் அளவுக்குப் பழசாகியிருந்தது. வைகாசி மாதத் தேதி. ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதியிருந்தது. என்ன ஸ்கேன் என்று கேட்காதீர்கள்.

"இதுக்கு ஆன்லைன்ல தேதி வாங்கணுமாம் தம்பி. போட்டுக் குடு."

"வைகாசிலயே எழுதிக் குடுத்திருக்காரே, இவ்ளோ நாளா சும்மாவா இருந்தீங்க?"

"யாருகிட்ட சொல்லச் சொல்ற" என்றாள். அந்த விசாரணைப் பார்வை அப்போது அவளிடம் இல்லை.

பேர், வயது ஏற்றினேன். "போன் நம்பர் சொல்லுங்கம்மா."

அவள் கையிலேயே ஒரு போன் இருந்தது, மகன் வாங்கிக் கொடுத்த புதுசு. அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். "சம்பந்தி, ஒன் நம்பர சொல்லு."

"யம்மா, இப்பதான் ஒரு கூத்து முடிஞ்சிருக்குது" என்றேன். "மறுபடி எவனாச்சும் தொறந்து போட்டான்னா?"

"போடட்டும். பாக்யலட்சுமிக்கு இன்னும் ஒண்ணு கூடிடிச்சின்னு சிரிச்சிட்டுப் போறானுங்க." அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு ஒண்ணும் கஷ்டமில்லியே?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். குப்புவும் சேர்ந்துகொண்டாள். சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தாள்.